சிறுமலையும் அதன் வாழைக்கன்றும்

திண்டுக்கல் நகரில் வாழைப்பழ வியாபாரிகளிடம் 'சிறுமலை செட்' எங்கே என்று கேட்டால் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். வாழைத்தார்கள் இறங்கி ஏலம் போகும் சந்தை அது. நத்தம் சாலையில் புறப்பட்டு, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 25 கிலோமீட்டரில் வந்துசேரும் மலையின் பெயரைத்தான் அந்தச் சந்தை தாங்கியிருக்கிறது. இன்று அங்கே இறங்கும் தார்களில் பெரும்பகுதி சமவெளித் தோட்டங்களிலிருந்து வருகிறது. பெயருக்குரிய மலையிலிருந்து வருவது கொஞ்சம்தான். ஒரு மலை தன் பெயரைச் சந்தையில் விட்டுவிட்டுச் சரக்கை இழந்த கதை இது. இழந்த பிறகும் அந்த மலையில் ஊர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, குதிரைகள் இருக்கின்றன. அது எப்படி என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய கேள்வி.

சிறுமலை மேற்கே பழனி மலையோடு ஒட்டாமல், கிழக்கே அழகர்மலையோடும் சேராமல் தனித்து நிற்கும் மலைத்தொகுதி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் ரயில் பாதை, 1875-இல் போடப்பட்டது, இதன் மேற்கு அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. கொடைரோடு நிலையத்தில் இறங்குகிறவர்கள் மேற்கே தெரியும் கோடைக்கானல் மலையைத்தான் பார்ப்பார்கள். கிழக்கே நிற்கும் சிறுமலையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. மேலே பழையூர், புதூர், தென்மலை, தாளக்கடை, அகஸ்தியர்புரம் என்று சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் சேர்ந்ததுதான் சிறுமலை ஊராட்சி. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது ஊரார் சொல்லும் கதை. மூலிகை நிறைந்த மலை என்பதை அந்தக் கதை தன் வழியில் சொல்கிறது. தாவரவியலாளர்கள் வேறு வழியில் சொன்னார்கள். ஏசுசபைத் துறவி பள்ளித்தானம் இம்மலையின் செடிகொடிகளைச் சேகரித்து எழுதிய நூலைத் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ பதிப்பிக்க, திருச்சி ராபினட் தாவரக்கூடம் 2001-இல் வெளியிட்டது. இத்தனை சிறிய மலைக்குத் தனியாக ஒரு தாவர நூல் கிடைப்பது அரிது.

சிறுமலையின் கதையைத் தோட்டப் பத்திரத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பளியர்களை விட்டுவிடுகிறார்கள். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த பளியர்கள்தான் இம்மலையின் பழைய குடிகள். எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேர், எந்தக் கடிக்கு எந்தப் பட்டை என்ற அவர்களுடைய அறிவைத் தாவரவியலாளர்கள் தனி ஆய்வாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அறிவு பதிவேறிவிட்டது. அந்த அறிவுக்கு உரியவர்களில் பலர் இன்று அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காப்பி பறிக்கிறார்கள். காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல் வந்தது. மலையின் வேளாண் வரலாறு எழுதும்போதும் பளியர் குடும்பங்களின் பெயர் அதில் வர வேண்டும். தோட்டங்கள் வந்தது அவர்களுடைய காட்டின் மேல்.

வெளியார் இம்மலையை நாடிய கதையில் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெயிலிலும் நோயிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடியவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது சிறுமலை. அங்கே ஓய்வில்லம் அமைத்துப் பார்த்தார்கள். குளிர்ச்சி இருந்தது; ஆனால் காய்ச்சலும் கூடவே இருந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-இல்தான் கண்டுபிடிக்கப் போகிறார். அதுவரை எல்லோருக்கும் தெரிந்ததெல்லாம் இந்த மலைக்குப் போனால் காய்ச்சல் வரும் என்பது மட்டும்தான். கொசு ஏற முடியாத உயரம் சிறுமலைக்கு வாய்க்கவில்லை. மிஷனரிகள் இன்னும் உயரமான பழனி மலைக்கு நகர்ந்து, 1845-இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஏரி, பள்ளிக்கூடம், தேவாலயம், விடுதி எல்லாம் அங்கே வளர்ந்தன.

அந்த விலகலைச் சிறுமலைக்கு நேர்ந்த நட்டம் என்று மட்டும் எண்ணத் தோன்றவில்லை. கோடைக்கானல் நகரமானது; சிறுமலை விவசாய ஊராகவே நின்றது. காப்பியும் வாழையும் எலுமிச்சையும் பலாவும் மிளகும் வளர, இடத்துக்கு விலை ஏறாமல் இருந்தது ஒரு காரணம்.

மலைத்தோட்டத்தைச் சமவெளிக் கண்ணோடு பார்த்தால் ஒழுங்கே இல்லாததுபோல் தெரியும். மேலே சில்வர் ஓக்கும் பலாவும் நிழல் விரிக்கின்றன. அந்த மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏறுகிறது. நடுவில் வாழை. அதன் கீழே காப்பிச் செடி. எலுமிச்சைக்குத் தனி இடம், ஆங்காங்கே பந்தலில் சவ்சவ். கிணற்றுப் பாசனம் பெரிதாக இல்லை, மழைதான் எல்லாம். காப்பிக்கு நிழல் தேவை, வாழை அதைத் தருகிறது. வாழைக்குக் காற்றிலிருந்து மறைவு தேவை, உயரமான மரங்கள் அதைத் தருகின்றன. காப்பி அறுவடை முடிந்து கையில் காசு இல்லாத மாதங்களில் வாழைத்தார் கைகொடுக்கும். வாழை விலை விழுந்தால் எலுமிச்சையோ பலாவோ வீட்டுச் செலவைத் தாங்கும்.

சமவெளி வாழைக்கும் மலைவாழைக்கும் இடையில் உள்ள முக்கிய வேறுபாடு ஆயுள். தஞ்சாவூர், தேனிப் பக்கம் ஒரு தாரோ இரண்டு தாரோ வெட்டிய பிறகு தோட்டத்தை அழித்துப் புதிதாக நடுவார்கள். மலையில் ஒரு முறை நட்டால், பக்கக்கன்று வெடித்து வெடித்து, ஆண்டுக்கணக்கில் அதே குழியிலிருந்து தார் வந்துகொண்டிருக்கும். அப்பன் நட்ட வாழையில் மகன் தார் வெட்டுவது அங்கே புதுமையல்ல. பழமும் வேறு மாதிரி. அளவில் சிறியது, தோல் தடிப்பு, சதையில் நீர் குறைவு, இனிப்போடு லேசான புளிப்பு. பழுத்த பிறகும் பல நாள் தாங்கும். தோல் கறுத்துப் போனாலும் உள்ளே அழுகியிருக்காது. இதே இனத்தின் இன்னொரு முகமான விருப்பாச்சிப் பழம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போனதற்கு இந்த நீர் குறைவுதான் காரணம். நீர் விடும் பழத்தில் பஞ்சாமிர்தம் செய்தால் விரைவில் கெட்டுவிடும்.

சாலை தோட்டத்தின் வாசல் வரை வருவதில்லை. சரிவில் இருக்கும் தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை ஒற்றையடிப் பாதைதான். இந்த இடைவெளியைக் குதிரைகள் நிரப்புகின்றன. முதுகில் சாக்கை மடித்துப் போட்டு, இரு பக்கமும் எடை சமமாகத் தொங்கும்படி தாரோ காப்பி மூட்டையோ எலுமிச்சை மூட்டையோ கட்டி அனுப்புவார்கள். பழகிய குதிரைக்கு வழி தெரியும். முன்னால் இழுக்க ஆள் வேண்டாம், பின்னால் ஒருவர் நடந்தால் போதும். மழைக்காலத்தில் வழுக்கும் பாறைமேல் ஜீப் திணறும் இடத்தில் குதிரை காலைப் பார்த்து வைத்து இறங்கிவிடும். பொங்கலையொட்டி இங்கே குதிரைப் பொங்கல் வைக்கிறார்கள். சமவெளியில் காளைக்கு நடப்பது மேலே குதிரைக்கு நடக்கிறது: குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறார்கள். உழைக்கும் உயிர் எதுவோ அதற்கு மரியாதை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மலையைக் கவிழ்த்தது கடுகளவுகூட இல்லாத ஒரு பூச்சியும், அது சுமந்து வந்த வைரஸும்.

நோயின் பெயர் முடிக்கொத்து. 1889-இல் பசிபிக் கடலில் பிஜித் தீவில் முதலில் பதிவானது. 1913-இல் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் தலைகாட்டியது. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்தது. அங்கிருந்து மலை தாண்டுவது அதற்குக் கடினமாக இல்லை. அடையாளம் காண்பது, தெரிந்தவருக்கு எளிது. இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறி போல ஓடும். பிறகு வரும் இலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறுகி, விறைத்து, மேல்நோக்கி நிற்கும். கடைசியில் விரிய வேண்டிய இலைகளெல்லாம் நுனியில் ஒரே கொத்தாகக் குவிந்துவிடும். அந்த வாழை தார் போடாது. போட்டாலும் விற்க முடியாத தார்.

பரப்புவது வாழை அசுவினி என்ற அந்தச் சிறு பூச்சி. இலையுறையின் அடியில், தண்டோடு ஒட்டிய இடத்தில் கூட்டமாக இருக்கும். எறும்புகள் அதன் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கும். நோய் மண்ணில் தங்குவதில்லை, அரிவாளில் ஒட்டிக்கொண்டு போவதும் இல்லை. அதற்கு இரண்டே வழிகள்: ஒன்று அசுவினி, இன்னொன்று கன்று. தோட்டத்துக்குத் தோட்டம் நோயை நடத்திப் போவது அசுவினி. ஊர்விட்டு ஊர், மலைவிட்டு மலை கொண்டு போனது கன்று. சிறுமலையில் வாழைக்கன்றை யாரும் காசு கொடுத்து வாங்கிய பழக்கம் கிடையாது. சம்பந்தி வீட்டிலிருந்து வரும், பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும், கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது மரியாதைக் குறைவு. வைரஸ் உள்ளே புகுந்த கன்று சில வாரங்கள் வரை நல்ல கன்று போலவே நிற்கும். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மலையின் உறவுமுறை ஓடிய அதே தடத்தில் நோயும் ஓடியது.

விளைவின் அளவு பக்கத்துப் பழனி மலையின் கணக்கில் தெரிகிறது. 1970-களில் கீழ்ப் பழனி மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போனது. சிறுமலையும் அதே பாதையில் இறங்கியது. இத்தனை பெரிய சரிவு நெல்லிலோ கரும்பிலோ நடந்திருந்தால் சட்டமன்றத்தில் நாள்கணக்கில் பேசியிருப்பார்கள். மலைமேல் சிதறிக் கிடந்த சிறு தோட்டக்காரர்களின் இழப்பு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரியாக நின்றுவிட்டது.

இதே நோய் ஆஸ்திரேலியாவையும் அடித்தது. 1920-களில் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் குவீன்ஸ்லாந்தின் தெற்கிலும் வாழைத் தோட்டங்கள் ஏறக்குறைய அழிந்தன. சி. ஜே. பி. மாகீ என்ற இளம் ஆய்வாளர், இது வைரஸ் நோய், அசுவினியால் பரவுகிறது என்று 1927-இல் நிறுவினார். அவருடைய கண்டுபிடிப்பைவிட, அதன்மேல் எழுந்த ஏற்பாடுதான் நமக்கு முக்கியம். தோட்டங்களுக்குப் பதிவு, புதிதாக நட அனுமதி, தோட்டம் தோட்டமாக நடக்கும் ஆய்வாளர்கள், நோய் கண்ட செடியை உடனே அழிக்கச் சட்டக் கட்டாயம். மருந்து கண்டுபிடிக்காமலே, எதிர்ப்புள்ள ரகம் எதுவும் இல்லாமலே, இந்த ஒழுங்கினால் மட்டும் அங்கே வாழை மீண்டது.

இங்கே அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் பழனி மலையிலேயே இருக்கிறது. 1993-இல் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. நல்ல தாய்மரத்தைச் சோதித்துத் தேர்ந்து, அதன் குருத்துத் திசுவிலிருந்து வைரஸ் இல்லாத கன்றுகளை ஆய்வகத்தில் பெருக்கும் முறை கைக்கு வந்தது. மலைவாழைக்கு அது பயன்பட்டது. ஆனால் திசு வளர்ப்புக் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. அது சுத்தமான கன்று, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்தில் கொத்து விழுந்த வாழை நின்றால், சில மாதங்களில் இதற்கும் கொத்து விழும். பணம் போட்டுக் கன்று வாங்கி நட்டவர் இரண்டாம் ஆண்டே கைவிட்டு உட்காருவதற்கு இதுதான் காரணம்.

நோய் கண்ட வாழையை அழிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோபத்தில் மண்வெட்டியெடுத்து வெட்டித் தள்ளினால், அதிலிருக்கும் அசுவினிகள் உணவு இழந்து அடுத்த வாழைக்குக் கிளம்பும். வெட்டியவரே நோயைப் பரப்பியவராகிவிடுவார். முதலில் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ ஊற்றி அசுவினியைக் கொல்ல வேண்டும். அதன்பிறகு கிழங்கோடு தோண்ட வேண்டும். கிழங்கில் ஒரு கண் மிஞ்சினாலும் அதிலிருந்து நோயோடு கன்று வெடிக்கும். செங்குத்துச் சரிவில், காப்பிச் செடிக்கு நடுவில், ஆள்கூலி ஏறிக்கிடக்கும் காலத்தில் இதை ஒருவர் தனியாகச் செய்து முடிப்பது கடினம். செய்து முடித்தாலும் வேலிக்கு அப்பால் இருப்பவர் செய்யாவிட்டால் பயனில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பல ஆண்டுகளாகச் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரானால் யாரிடம் போய்ச் சொல்வது?

இதனால்தான் சிறுமலைப் பிரச்சினையைத் தனி விவசாயியின் அக்கறையின்மை என்று பேசுவது தவறு. நூறு தோட்டங்கள் ஒரே வாரத்தில் செய்தால் பலிக்கும் காரியம், பத்துத் தோட்டங்கள் பத்து வருடம் செய்தாலும் பலிக்காது. ஆஸ்திரேலியாவில் அரசு எடுத்துக்கொண்ட பொறுப்பை இங்கே யாரும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2008-இல் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தம் அதைப் பெற்றது 2019-இல்தான். மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பு முயன்று வாங்கிய அங்கீகாரம் அது, பெருமைக்குரியது. ஆனால் குறியீடு காப்பது பெயரை. நகரத்துக் கடையில் சமவெளிப் பழத்தை மலைப்பழம் என்று சொல்லி விற்பவரைத் தடுக்க அது சட்டத்தில் வழி தருகிறது. அந்த வழியில் நடக்க ஆளும் காசும் வேண்டும். பெயருக்குள் வைக்கப் பழம் வேண்டும், பழத்துக்குச் சுத்தமான கன்று வேண்டும். வரிசையில் கடைசியாக வர வேண்டியது முதலில் வந்துவிட்டது.

வாழை விழுந்த காலத்தில் காப்பியும் தள்ளாடியது. உலக நாடுகளுக்கு இடையிலிருந்த காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-இல் முறிந்ததும் உலகச் சந்தையில் விலை பாதியாகச் சரிந்தது. பிரேசிலிலும் கொலம்பியாவிலும் எடுத்த முடிவுகள் திண்டுக்கல் மலைக்காட்டில் காப்பி பறிக்கும் பெண்ணின் கூலியில் எதிரொலித்தன. 1990-களில் காப்பி வாரியத்தின் கொள்முதல் ஏகபோகமும் விலக்கப்பட்டது. பெரிய எஸ்டேட்டுகளுக்கு அது விடுதலை, இரண்டு ஏக்கர்காரருக்கு வியாபாரியின் தயவு. 2000-களின் தொடக்கத்தில் விலை அடிமட்டத்துக்குப் போனது.

இரண்டு பயிரும் ஒருசேர அடிவாங்கியும் ஊர் காலியாகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒழுங்கற்ற தோட்டம்தான் காப்பாற்றியது. எலுமிச்சை இருந்தது, கோடையில் திண்டுக்கல், மதுரைச் சந்தைகளில் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. பலா இருந்தது. மிளகு வீட்டில் வைத்து விலை பார்த்து விற்கக்கூடிய சரக்கு. சவ்சவ்வும் வெண்ணெய்ப்பழமும் பின்னால் சேர்ந்தன. ஒரே பயிரை நம்பி நிழல்மரத்தை வெட்டிப்போட்டிருந்தால் இந்த மலை என்றோ ரிசார்ட் மலையாகியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில், அதிகாரிகளும் ஆலோசகர்களும் சொன்னதைவிட மலைக்காரர்களின் பழைய வழக்கம் தெளிவாக இருந்தது.

இன்றைய தொந்தரவுகள் வேறு. காட்டுமாடுகள் தோட்டத்துக்குள் இறங்கி இளங்கன்றையும் காப்பிச் செடியையும் மிதித்துப் போகின்றன. காட்டுக்குள் உண்ணிச்செடி பரவிப் புல் குறைந்ததும், கோடைதோறும் வரும் தீயும் அவற்றைத் தோட்டத்துப் பக்கம் தள்ளுகின்றன. இளைஞர்கள் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். மாதச் சம்பளம் வரும் இடத்தை விட்டு மழையை நம்பும் தோட்டத்துக்கு ஏன் திரும்ப வேண்டும் என்ற கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. காய்ச்சல் ஒருகாலத்தில் விலக்கிவைத்த வெளியார் இப்போது வார இறுதிகளில் வருகிறார்கள். சிலர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் நிலம் விசாரிக்கிறார்கள். விடுதிக்கு விற்ற நிலத்தில் நிழல்மரம் நிற்கும். கவனிப்பாரில்லாத வாழையும் நிற்கும். அது அடுத்த தோட்டத்துக்கு நோய்ப்பண்ணை.

சிறுமலையின் நலன் மேலே இருக்கும் சில குக்கிராமங்களின் சொந்த விவகாரம் அல்ல. மதுரை மாவட்டத்தில் பாலமேட்டுப் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர் தரும் சாத்தையாறு இந்த மலையில் பிறக்கிறது. திண்டுக்கல் பக்கம் இறங்கும் சந்தனவர்த்தினியும் இங்கிருந்துதான் வருகிறது. நிழல்மரத்தின் கீழ் இலைமக்கு மூடிய மண் மழைநீரைப் பிடித்து மெதுவாக விடுகிறது. அதே சரிவைத் துப்புரவாக வெட்டிச் சிமெண்ட் போட்டால் ஐப்பசி மழை ஒரே இரவில் சேறோடு கீழே வந்து சேரும். காப்பியும் வாழையும் லாபம் தரும்வரைதான் அந்த மரங்களுக்கு உயிர். சமவெளி விவசாயி தன் கண்மாய்த் தண்ணீருக்காக மலைத்தோட்டத்தின் லாபத்தில் அக்கறை காட்டுவது நியாயமான சுயநலம்.

செய்யக்கூடியது பெரிய திட்டமும் அல்ல. சோதித்த தாய்மரத்திலிருந்து கன்று பெருக்கும் நாற்றங்கால் மலைமேலேயே ஒன்று. அதிலிருந்து கன்று பெற்ற தோட்டங்களுக்கு ஊராட்சியில் ஒரு பதிவேடு. மழைக்கு முன்னும் பின்னும் தோட்டம் தோட்டமாக நடந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் சிலர். நோய் கண்ட வாழையைத் தோண்டும் நாள்கூலியை ஊரக வேலை உறுதித் திட்டத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ ஏற்பது. உரிமையாளர் ஊரில் இல்லாத தோட்டத்துக்குள் நுழைந்து அழிக்க அதிகாரம். தோட்டம் பார்க்கும் பெண்களைப் பளியர் குடும்பங்களிலிருந்து தேரலாம்; இலையின் நிறம் மாறுவதை அவர்களைவிட முன்னதாகக் காண்பவர் கிடைக்கமாட்டார். குறியீடு பெற்ற பழத்துக்குச் சிறுமலை செட்டிலேயே தனி ஏலம் வைத்தால், சுத்தமான கன்றுக்குச் செலவழித்தவருக்கு அந்தக் காசு திரும்பும். நாற்றங்கால் அமைக்கத் தெரிந்த நிலையம் பக்கத்து மலையில் இருக்கிறது. திருச்சி மையம் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஏலம் விடத் தெரிந்தவர்கள் திண்டுக்கல்லிலேயே இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகம்தான் எடுக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் முதல் தோட்டச் சுற்று தொடங்கினால், நட்ட கன்று தார் போடும் வரை அதைத் தொடர்ந்து பார்க்க முடியும்.